பொருளின்றிப் பிறந்த வானொலி

தலைமன்னார்க் கரைக்கும் தனுஷ்கோடிக் கரைக்கும் இடையே உள்ள தூரம் ஏறக்குறைய 30 கிலோமீற்றர். இராமர் அணை என்று வழங்கும் மணற்றிட்டுகள் அக்கடலிலே ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கின்றன. மாதோட்டத் துறை சிறந்திருந்த பழங்காலத்திலே மரக்கலங்கள் அக்கடலைக் கடந்தன. 1914ஆம் ஆண்டு தொடக்கம் புகைவண்டிப் பயணிகளை ஏற்றிய கப்பல்கள் கடந்தன. 1964ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்துப் பெரும் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களிலே நின்று போயிற்று. கப்பல் நின்ற பின்னும் அக்கடலைக் கடந்துகொண்டிருந்த பொருள் ஒன்று உண்டு. அது மனிதக் குரல். கடவுச்சீட்டும் சுங்கச் சோதனையும் இன்றி, கம்பியிலா அலைகளின்மேல் ஏறி அக்குரல் நாள்தோறும் வந்தது; நாள்தோறும் போயிற்று.

மன்னார்க் கரையோரத்துக் குடிசையொன்றில் இரவு வேளையிலே வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகியவருக்குக் கொழும்பும் கேட்டது, திருச்சிராப்பள்ளியும் கேட்டது. இரண்டும் அரசினர் நிலையங்கள். உயர்ந்த கோபுரங்களும் வலிய யந்திரங்களும் சம்பளம் பெறும் ஊழியரும் உடையவை. ஆதலால் வானொலி என்பது அரசாங்கங்களும் பெருஞ் செல்வர்களும் மாத்திரமே நடத்தத்தக்க தொழில் என்ற எண்ணம் மக்கள் மனத்திலே வேரூன்றிவிட்டது. வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் உண்மை வேறு விதமாக இருக்கின்றது. இந்த இரு நாடுகளிலும் வானொலி பிறந்தது பணப்பெட்டியிலிருந்து அன்று. பழைய உதிரிப் பாகங்களின் குவியலிலிருந்து. இன்று தனியொருவர் தம் வீட்டறையிலிருந்து இணைய வழியாக ஒலிபரப்பலாம் என்ற நிலை தோன்றியிருக்கின்றது. அந்நிலையைப் புதுமை என்று வியப்போர் முதலில் அறியவேண்டியது இப்பழங்கதையே ஆகும்.

முதலாம் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகளே கழிந்திருந்தன. அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரிலே 1920ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலும், இங்கிலாந்திலே பி.பி.சி.யின் வாயிலாக 1922ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலும் முறையான ஒலிபரப்புத் தொடங்கியது. இலங்கைத் தந்தித் திணைக்களத்திற்குத் தலைமைப் பொறியியலாளராக 1921ஆம் ஆண்டு வந்து சேர்ந்த எட்வேர்ட் ஹாப்பர் என்பவர் இச்செய்திகளை ஆவலோடு கவனித்தார். ஒலிபரப்புக்கென அரசு ஒதுக்கிய நிதி எதுவும் அவரிடம் இருக்கவில்லை. அவரிடம் இருந்தவை மூன்று: தொழில் தெரிந்த சில பொறியியலாளர்கள், கொழும்பு மத்திய தந்திக் கந்தோரிலே ஒரு சிற்றறை, போரிலே பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கம்பியிலாத் தந்திக் கருவி.

அக்கருவியின் பாகங்களைக் கழற்றி அவர்கள் ஒரு சிறிய ஒலிபரப்பியைக் கட்டினார்கள். கடலுக்கடியிலிருந்து கப்பல்களை அழிப்பதற்கான கட்டளைகளைக் கொண்டுசெல்லப் பிறந்த பொறி, 1923ஆம் ஆண்டிலே கிராமபோன் இசைத்தட்டின் பாட்டை அந்தச் சிற்றறையிலிருந்து வானிலே அனுப்பியது. வாளைக் கலப்பையாக அடித்தல் என்று சமயநூல் கூறும் நிகழ்ச்சி இலங்கையிலே ஒரு தந்திக் கந்தோருக்குள் நடந்தது எனலாம். ஆங்கிலேயரும் இலங்கையருமாகிய ஆர்வலரைச் சேர்த்துக் கம்பியிலாக் கழகம் ஒன்றையும் ஹாப்பர் அமைத்தார். 1925ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 16ஆந் திகதி, வெலிக்கடையிலிருந்து ஒரு கிலோவாற்று வலுவுள்ள கருவியோடு கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. தேசாதிபதி சேர் ஹியூ கிளிபர்ட் அதனைத் தொடக்கி வைத்தார். ஆசியாவின் மூத்த வானொலிகளுள் ஒன்றாக எண்ணப்படும் நிலையத்தின் பிறப்பு இவ்வாறு நிகழ்ந்தது.

கடலுக்கு அப்பால் சென்னையிலே நிகழ்ந்தது இதனினும் சுவையானது.  சி. வி. கிருஷ்ணசாமி செட்டி என்னும் அன்பர் இங்கிலாந்திலிருந்து சிறு ஒலிபரப்பியொன்றின் பாகங்களைக் கொண்டுவந்து, எழும்பூரிலிருந்த தம் இல்லத்திலே பொருத்தினார். 1924ஆம் ஆண்டு மே மாதம் 16ஆந் திகதி சென்னை மாகாண வானொலிக் கழகம் அமைக்கப்பெற்றது. அவ்வாண்டு யூலை மாதம் 31ஆந் திகதி அக்கழகத்தின் ஒலிபரப்புத் தொடங்கியது. கருவியின் வலு 40 வாற்று. அக்காலத்து வீட்டு மின்விளக்கு ஒன்றை எரிக்கும் வலுவே ஒரு மாநகரத்திற்கு இசையும் பேச்சும் வழங்கியது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பின்னர் 200 வாற்றுக் கருவியொன்று கிடைத்தது. கேட்போர் தொகை சிறிது. கழக உறுப்பினர் கட்டிய சந்தாவும் அன்பர்கள் ஈந்த கொடையுமே வருவாய்.

மூன்றாண்டுகள் இவ்வாறு நடந்தன. 1927ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலே பணமுடையினால் கழகம் வாய் மூடியது. ஆயினும் அதன் வரலாறு அங்கே முடியவில்லை. கழகத்தார் தம் கருவியைச் சென்னை மாநகராட்சிக்கு அளித்தனர். 1930ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் முதலாந் திகதி தொடக்கம் மாநகராட்சி அதனைக் கொண்டு ஒலிபரப்பியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் நிறுத்தப்பெற்றன. மாநகராட்சிப் பாடசாலைகளிலே பெட்டிகள் வைக்கப்பெற்றன. வானொலிப் பெட்டி வாங்க இயலாத கூலித் தொழிலாளியும் மாலை வேளையிலே கடற்கரை மணலில் அமர்ந்து பாட்டுக் கேட்டான். 1938ஆம் ஆண்டு யூன் மாதம் 16ஆந் திகதி அகில இந்திய வானொலி சென்னையிலே தன் நிலையத்தைத் திறக்கும்வரை இச்சேவை நிலைத்தது. திருச்சிராப்பள்ளி நிலையம் 1939ஆம் ஆண்டு மே மாதம் 16ஆந் திகதி திறக்கப்பட்டது.

இவ்விடத்திலே ஓர் ஒப்பீடு செய்தல் பொருத்தமாகும். சென்னைக் கழகம் மூடிய அதே 1927ஆம் ஆண்டிலே, பங்குப் பணம் திரட்டிய கம்பெனியொன்று பம்பாயிலும் கல்கத்தாவிலும் பெரு நிலையங்களைத் திறந்தது. பம்பாய் நிலையம் யூலை மாதத்திலும் கல்கத்தா நிலையம் ஓகத்து மாதத்திலும் தொடங்கின. அக்கம்பெனியும் 1930ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே கலைக்கப்பட்டது. ஆகவே, பொருள் இல்லாமையினால் வானொலி அழிந்தது என்றும், பொருள் இருந்தால் வாழ்ந்திருக்கும் என்றும் எளிதாகத் தீர்ப்புச் சொல்ல இயலாது. கேட்பவர் யார், அவர்க்குச் சொல்லவேண்டியது யாது என்ற வினாக்களுக்கு விடை கண்ட முயற்சியே நின்றது. 40 வாற்றுக் கழகத்தின் கருவி கடற்கரைப் பொதுமக்களைச் சென்றடைந்தது. பெரிய கம்பெனியின் கணக்குப் புத்தகம் மூடப்பட்டது.

இலங்கையில் இரண்டாம் உலகப் போர் மற்றொரு திருப்பத்தைக் கொண்டுவந்தது. தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் கண்டியிலே இருந்தமையால், படைவீரருக்கெனச் சியாக் வானொலி நிறுவப்பட்டது. போர் முடிந்த பின் அதன் வலிய சிற்றலைக் கருவிகள் இலங்கை அரசின் கைக்கு வந்தன. ஹாப்பரின் ஒலிபரப்பிக்குப் போர்க் கழிவு உதவியது போலவே, இங்கும் போர் விட்டுச் சென்ற பொருளே வானொலிக்கு முதலாயிற்று. 1949ஆம் ஆண்டிலே இலங்கை வானொலி தனித் திணைக்களமாகியது. 1950ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே வர்த்தக சேவை தொடங்கியது. எஸ். பி. மயில்வாகனன் அவர்களின் குரலைத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் மக்கள் இனங்கண்டுகொண்டனர். 1967ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே அந்நிறுவனம் கூட்டுத்தாபனமாக மாறியது.

இது பெருமைக்குரிய காலம். எனினும் மன்னார் போன்ற ஓரக் கரைகளின் நிலையை எண்ணிப் பார்த்தால் ஒரு குறை புலப்படும். பேசாலை, தாழ்வுபாடு, எருக்கலம்பிட்டி, சிலாவத்துறை முதலிய ஊர்களின் மக்கள் செவிச் செல்வம் பெற்றார்கள்; வாய் திறக்கும் வாய்ப்பை அரிதாகவே பெற்றார்கள். கொழும்பிலிருந்து ஒலிப்பதிவு வண்டி வந்தால் மாத்திரமே அவர்கள் குரல் வானேறும். மன்னார் மாவட்டத்தின் கத்தோலிக்க ஊர்களிலே வளர்ந்த வாசாப்பு நாடகங்களும், பேசாலையிலே புகழ்பெற்ற திருப்பாடுகளின் காட்சியும், வலை இழுக்கும்போது பாடப்படும் அம்பாப் பாட்டும், முத்துக்குளிப்புக் காலத்து நினைவுகளும் ஊருக்குள்ளேயே ஒலித்து ஊருக்குள்ளேயே அடங்கின. வானொலி தலைநகரிலிருந்து கரைக்கு வந்தது. கரையிலிருந்து தலைநகருக்குச் செல்லும் வழி குறுகியதாய் இருந்தது.

இக்குறையை உணர்ந்த முயற்சி ஒன்று மலைநாட்டிலே பிறந்தது. மகாவலித் திட்டத்தினால் இடம்பெயர்ந்து புதிய குடியேற்றங்களிலே வாழத் தொடங்கிய மக்களுக்காக, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் யுனெஸ்கோவின் துணையோடும் டென்மார்க்கின் உதவியோடும் 1981ஆம் ஆண்டிலே மகாவலி சமூக வானொலியைத் தொடங்கியது. ஒலிபரப்பாளர் ஊர்களுக்குச் சென்று தங்கி, மக்களின் பேச்சையும் பாட்டையும் முறைப்பாட்டையும் பதிவு செய்தனர். அந்த அனுபவத்தின் வழியே 1989ஆம் ஆண்டிலே கொத்மலை சமூக வானொலி தோன்றியது. ஊராரே நிகழ்ச்சி ஆக்கினர், ஊராரே கேட்டனர்.

1999ஆம் ஆண்டிலே கொத்மலையில் நிகழ்ந்தது உலகத்தார் கவனத்தை ஈர்த்தது. 64 கிலோபிற்று வேகமுள்ள இணைய இணைப்பு ஒன்று அந்நிலையத்திற்குக் கிடைத்தது. கம்பளை, நாவலப்பிட்டி ஆகிய ஊர்களின் நூலகங்களிலும் மக்கள் இணையத்தை அணுக வழி செய்யப்பட்டது. கணினி கண்டிராத விவசாயி தன் ஐயத்தை நிலையத்துக்கு எழுதி அனுப்புவான். ஒலிபரப்பாளர் இணையத்திலே தேடி, கிடைத்த விடையை அறிந்தோரோடு கலந்து, அவன் மொழியிலே வானொலியில் விளக்குவர். ஓர் இணைப்பு ஒரு பள்ளத்தாக்கு முழுவதற்கும் பயன்பட்டது. ஏழ்மை, பகிர்ந்து கொள்ளும் கலையைக் கற்பித்தது என்க.

மலைநாட்டிலே இம்முயற்சிகள் நடந்த காலத்தில் வடபுலம் வேறு துன்பத்திலே மூழ்கியிருந்தது. 1990ஆம் ஆண்டுப் போரின்போது தலைமன்னார்ப் புகைவண்டிப் பாதை அழிந்தது. அவ்வாண்டு ஒக்ரோபர் மாதத்திலே வடபுலத்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். எருக்கலம்பிட்டியிலிருந்தும் மன்னாரின் பிற ஊர்களிலிருந்தும் அவர்கள் புத்தளத்துக்கு ஏதிலிகளாய்ச் சென்றனர். வடபுலத்தின் பல ஊர்களிலே மின்சாரம் இல்லை. மின்கலம் கொண்டுசெல்லவும் தடை இருந்தது. அந்நாளிலே மக்கள் துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, அதன் சக்கரத்தைக் கையாலே சுழற்றி, டைனமோவிலிருந்து பிறந்த சிறு மின்சாரத்தைக் கொண்டு வானொலிச் செய்தி கேட்டனர். ஒருவர் சுழற்றுவார், அயலார் சூழ்ந்திருந்து கேட்பர். சுழற்றுபவரின் கை ஓய்ந்தால் குரலும் ஓயும். உயிரோடு இருப்பவர் யார், பாதை திறந்ததா, உணவுக் கப்பல் வந்ததா என்பவற்றை அறிய அந்தக் கைச்சுற்றே வழியாய் இருந்தது. வானொலி ஆடம்பரப் பொருள் என்று கருதுவோர் அக்காட்சியை ஒருமுறை நினைந்தால் போதும்.

பொருளின்றி ஒலிபரப்புவதற்கு மிகத் தெளிவான சான்று இந்தியாவின் பீகார் மாநிலத்திலே கிடைக்கின்றது. வைசாலி மாவட்டத்து மன்சூர்பூர் என்னும் சிற்றூரிலே, மின்கருவிகளைத் திருத்தும் கடையொன்றில் வேலை செய்த இளைஞர் ஒருவர், ஏறக்குறைய 50 ரூபாய்ச் செலவிலே ஒலிபரப்பி ஒன்றை ஆக்கினார். மூங்கிற் கழியிலே அதன் வானலைக் கம்பியைக் கட்டினார். ‘இராகவ் எஃப்.எம். மன்சூர்பூர் 1’ என்ற பெயரோடு அது 2003ஆம் ஆண்டிலே தொடங்கியது. பாட்டு, ஊர்ச் செய்தி, காணாமற் போனோர் பற்றிய அறிவித்தல், நோய்த் தடுப்பு அறிவுரை ஆகியன அதிலே வந்தன. உலகச் செய்தியாளர் அவ்வூருக்குச் சென்று எழுதினர். 2006ஆம் ஆண்டிலே, உரிமம் இல்லை என்ற காரணத்தால் அரசு அதனை மூடியது.

அரசின் செயலைக் கண்டிப்பதற்கு முன் அதன் காரணத்தையும் அறிதல் வேண்டும். வானலைகள் எல்லையற்றவை போலத் தோன்றினும், ஓரிடத்திலே ஓரலைவரிசையில் ஒரு குரலே தெளிவாகச் செல்லும். இரண்டு குரல்கள் மோதினால் இரண்டும் கெடும். விமானத்தின் வழிகாட்டலும் கப்பலின் அபாய அழைப்பும் அதே வானிலே செல்கின்றன. ஆதலால் பங்கீடு இன்றியமையாதது. ஆனால் பங்கிடுபவன் உடைமையாளன் ஆகிவிடுதல் முறையன்று. இந்திய உச்ச நீதிமன்றம் 1995ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே, வானலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. அதன்பின் வழி மெல்லத் திறந்தது. 2004ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் சமூக வானொலி தொடங்கியது. மன்சூர்பூர் நிலையம் மூடப்பட்ட அதே 2006ஆம் ஆண்டின் இறுதியிலே, மக்கள் சேவை அமைப்புகளும் சமூக வானொலி நடத்தலாம் என்ற கொள்கையை இந்திய அரசு வகுத்தது.

அக்கொள்கையின் பயன் மன்னாருக்கு நேர் எதிரே உள்ள கரையிலும் காணப்பட்டது. 2016ஆம் ஆண்டு ஓகத்து மாதம் 15ஆந் திகதி, பாம்பனிலே ‘கடல் ஓசை’ என்னும் மீனவர் சமூக வானொலி 90.4 அலைவரிசையிலே தொடங்கியது. கடற்றொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளே அதன் அறிவிப்பாளர் ஆயினர். காற்றின் வேகம், அலையின் உயரம், வலையின் வகை, கடல்வளத்தைக் காத்தல், பெண்களின் தொழில், பழம்பாடல் என்பன அதன் நிகழ்ச்சிகள். இந்தியாவின் சமூக வானொலிகளுக்கு அனுமதிக்கப்படும் வலு 100 வாற்று. குரல் செல்லும் எல்லை பொதுவாக 10 முதல் 15 கிலோமீற்றர் வரை. எனவே பாம்பனின் குரல் தலைமன்னாரை எட்டுவது அரிது. கடல் குறுகியது, வலு அதனினும் குறுகியது.

இங்கேதான் இணைய வானொலியின் வரலாறு வந்து சேர்கின்றது. 1994ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 7ஆந் திகதி, அமெரிக்காவின் வட கரோலினாவிலுள்ள மாணவர் வானொலி நிலையமாகிய டபிள்யூ.எக்ஸ்.வை.சி. தன் ஒலிபரப்பை இணையத்திலும் அனுப்பியது. 1990களின் இறுதியிலே ஷவுட்காஸ்ட், ஐஸ்காஸ்ட் என்னும் மென்பொருள்கள் வந்தன. ஐஸ்காஸ்ட் எவரும் விலையின்றி எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருள். அன்று தொடக்கம், மாணவனும் ஆசிரியனும் புலம்பெயர்ந்த தமிழனும் தத்தம் வீட்டிலிருந்தே நிலையம் நடத்தும் நிலை உண்டாயிற்று.

அதன் இயக்கம் விளங்குதற்கு அரியதன்று. ஒலிவாங்கி குரலை மின்னலையாக்கிக் கணினிக்குக் கொடுக்கும். கணினியிலுள்ள மென்பொருள் அதனை எண்களாக்கி, சுருக்கி, வழங்கி எனப்படும் மற்றொரு கணினிக்கு ஓயாது அனுப்பும். உலகின் எம்மூலையிலிருந்தும் கேட்க விரும்புபவர் அந்த வழங்கியைத் தொடர்புகொள்ள, அது ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதியை அனுப்பும். கோபுரம் வேண்டியதில்லை, அலைவரிசையும் வேண்டியதில்லை. பழைய கணினியொன்றும், கைத்தொலைபேசியோடு வரும் ஒலிவாங்கியும், போர்வை தொங்கவிட்ட ஓர் அறையும் தொடக்கத்திற்குப் போதும். சுவரிலே பட்டு மீளும் ஒலியைத் துணி உறிஞ்சிக் கொள்ளும். செல்வரின் ஒலிப்பதிவுக் கூடத்திற்கும் ஏழையின் போர்வை அறைக்கும் உள்ள வேற்றுமை, பேச்சைப் பொறுத்தவரை, பலர் எண்ணுமளவு பெரிதன்று.

ஆயினும் செலவே இல்லை என்று கூறுதல் உண்மையாகாது. கொழும்பின் கோபுரம் பத்துப் பேர் கேட்டாலும் பத்து இலட்சம் பேர் கேட்டாலும் அதே மின்சாரத்தையே உண்டது. இணையத்திலோ ஒவ்வொரு செவிக்கும் தனித்தனியே கணக்கு உண்டு. நொடிக்கு 64 கிலோபிற்று வீதம் செல்லும் ஒலியை ஒருவர் ஒரு மணிநேரம் கேட்டால் 28.8 மெகாபைற்று செலவாகும். நூறு பேர் கேட்டால் அது 2,880 மெகாபைற்று ஆகும். 1999ஆம் ஆண்டிலே கொத்மலைப் பள்ளத்தாக்குக்குக் கிடைத்த இணைப்பின் முழு வேகத்தையும் இன்று கேட்பவர் ஒருவரே எடுத்துக்கொள்கின்றார் என்பது வியப்பானது. பேச்சு நிகழ்ச்சிக்கு வேகத்தை 32 கிலோபிற்றாகக் குறைத்தால் செலவு பாதியாகும். குரலின் தெளிவு பெரிதும் குன்றாது. இலவசமாக இடந்தரும் வழங்கிகள் உண்டு. ஆயின் அவை கேட்போர் தொகைக்கு எல்லை வகுக்கும், அல்லது தம் விளம்பரத்தை இடையிலே புகுத்தும். கேட்பவரின் கைத்தொலைபேசிக் கட்டணமும் இக்கணக்கிலே அடங்கும். கடற்றொழிலாளி தன் தரவுப் பணத்தைச் செலவிட்டுக் கேட்கின்றான் என்றால், அவனுக்கு வீண்பேச்சு வழங்குதல் அறமாகாது.

பாட்டைப் பொறுத்தவரையிலும் ஓர் எச்சரிக்கை தேவை. திரைப்படப் பாட்டு உரிமையாளரின் பொருள். கேளாமல் எடுத்தல் ஆகாது. இக்கட்டுப்பாடு வறிய நிலையத்துக்குத் தடை போலத் தோன்றும். நுணுகி நோக்கின் அதுவே நல்ல வழிகாட்டி. பிறர் பாட்டை ஒலிக்க முடியாத நிலையம் தன் ஊரின் பாட்டைத் தேடிச் செல்லும். அம்பாப் பாட்டைப் பாடக்கூடிய முதியவர் ஊருக்குள் இருப்பார். வாசாப்பின் ஏட்டைக் காத்துவரும் அண்ணாவியார் இருப்பார். புத்தளத்திலே பிறந்து வளர்ந்து, பெற்றோரின் எருக்கலம்பிட்டிக்கு மீண்ட இளைஞர் இருப்பார். இவர்களை ஒலிபரப்ப எவருக்கும் கூலி கொடுக்கவேண்டியதில்லை. அவர்களின் இசைவைக் கேட்டுப் பெறுதல் மாத்திரமே கடமை.

சட்டத்தின் நிலையையும் மறத்தலாகாது. இணைய வானொலி அலைவரிசையைப் பயன்படுத்தாமையால் மன்சூர்பூர் இளைஞர் சந்தித்த முட்டுக்கட்டை இங்கே இல்லை. ஆனால் அவதூறும் பொய்ச் செய்தியும் எங்கே சொன்னாலும் தவறே. இலங்கைப் பாராளுமன்றம் 2024ஆம் ஆண்டிலே நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் நிறைவேற்றியது. அது பேச்சுச் சுதந்திரத்தை நெருக்கும் என்று பலர் கண்டனம் எழுப்பினர். சிறு நிலையத்திற்கு வழக்கறிஞர் இல்லை. ஆதலால் சொல்வதைச் சரிபார்த்துச் சொல்லுதலே அதன் கேடயம்.

இன்னொன்றும் கூறுதல் வேண்டும். இணையம் பேரிடர் வேளையிலே முதலில் அறுந்துவிடக்கூடிய நூல். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இலங்கைக் கரைகளை அழித்தபோது, தொலைபேசி செயலற்ற அம்பாந்தோட்டைப் பகுதியிலிருந்து செய்தி அனுப்பியவர்கள், ஹாப்பரின் கழகத்தார் போன்ற வானொலி ஆர்வலர்களே. மின்கலத்தால் இயங்கும் அவர்களின் சிற்றலைக் கருவி, கோபுரங்கள் வீழ்ந்தபின்னும் பேசியது. 1964ஆம் ஆண்டுப் புயலை நினைவிற் கொண்ட கரைக்கு இது சிறிய பாடமன்று. இணைய வானொலி பழைய வானொலியின் இடத்தைப் பறிக்க வந்ததன்று. பழையது செல்லாத இடத்துக்குச் செல்ல வந்தது. இரண்டையும் பேணும் ஊரே அறிவுடைய ஊர்.

இக்கரைக்கு அத்தகைய குரல் ஏன் வேண்டும் என்ற வினாவுக்கு விடை கடலிலேயே கிடக்கின்றது. போர் முடிந்தபின் மன்னார் மீனவர் மீண்டும் கடலுக்குச் சென்றபோது, தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் தம் வலைகளை அறுத்துச் செல்வதாக முறையிட்டனர். அப்படகுகள் கடலின் அடித்தளத்தையே வாரிச் செல்கின்றன. இலங்கை 2017ஆம் ஆண்டிலே அத்தொழிலைச் சட்டத்தினால் தடை செய்தது. எதிர்க்கரைத் தொழிலாளியோ கைதுக்கும் படகு பறிமுதலுக்கும் அஞ்சி வாழ்கின்றான். இரு கரையாரும் பேசுவது ஒரே தமிழ். காற்றின் பெயர்கள் ஒன்று. மீனின் பெயர்கள் ஒன்று. ஆயினும் ஒருவர் துன்பத்தை மற்றவர் தலைநகரங்களின் செய்தி வழியாகவே கேட்கின்றனர். அறுந்த வலையின் விலை எத்தனை மாதக் கடன் என்பதைத் தாழ்வுபாட்டுத் தாயொருத்தி தன் வாயாற் சொல்ல, பாம்பன் தாயொருத்தி கேட்டு மறுமொழி கூறுவாளாயின், பூசல் ஒரே நாளில் தீர்ந்துவிடாது. ஆனால் எதிர்க்கரையிலே இருப்பவரும் பிள்ளை குட்டியோடு வாழும் மனிதரே என்ற உண்மை இரு பக்கத்துச் செவியிலும் விழும். 100 வாற்றுக் கோபுரம் தாண்ட இயலாத அந்த 30 கிலோமீற்றரை இணையம் தாண்டும்.

வரலாறு கற்பிப்பது இதுவாகும். சென்னைக் கழகம் மூன்றாண்டு நடந்தது. அதன் குறை கருவியில் இல்லை, தொடர்ந்து தாங்கும் கைகள் இல்லாமையில் இருந்தது. கருவியை மாநகராட்சி ஏற்றபோது அதே குரல் மேலும் எட்டாண்டு வாழ்ந்தது. இன்றும் பல இணைய வானொலிகள் ஆர்வத்தோடு தொடங்கிச் சில மாதங்களிலே மௌனமாகின்றன. ஒருவரே எழுதி, ஒருவரே பேசி, ஒருவரே கருவியும் காத்தால் அவர் களைத்துப் போவார். நாள்தோறும் எட்டு மணிநேரம் ஒலிபரப்ப முயல்வதினும், கிழமைக்கு ஒரு மணிநேரம் குறித்த வேளை தவறாமல் ஒலிபரப்புதல் மேல். பாடசாலையும் ஆலயமும் பள்ளிவாசலும் மீனவர் சங்கமும் நூலகமும் ஆளுக்கொரு கிழமையைப் பொறுப்பேற்றால், எவர் தோளும் வலியாது. எவர் குரலும் தனித்து ஆதிக்கம் செலுத்தாது.

தலைமன்னாருக்குப் புகைவண்டி 2015ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே மீண்டும் வந்தது. இருபத்தைந்தாண்டு இடைவெளிக்குப்பின் இருப்புப்பாதை கடலோரம்வரை நீண்டது. பாதையை அமைப்பதற்குக் கோடிக்கணக்கான பொருள் வேண்டியிருந்தது. குரலுக்கான பாதைக்கு அத்தனை பொருள் தேவையில்லை. நீர்மூழ்கிக் கப்பலின் துண்டுகளிலிருந்து ஒருவர் அதனை ஆக்கினார். எழும்பூர் வீடொன்றிலே 40 வாற்றைக் கொண்டு ஒருவர் ஆக்கினார். கவிழ்த்த துவிச்சக்கரவண்டியின் சக்கரத்தைச் சுழற்றிப் பெயரறியாத பலர் அதனை உயிரோடு வைத்திருந்தனர். அவர்களிடம் இருந்தவை சொல்லவேண்டிய செய்தியும், கேட்க விரும்பும் அயலாரும், ஓயாத கையும். இம்மூன்றும் மன்னார்க் கரையிலே என்றும் குறைந்ததில்லை.